கடலை மிட்டாயும் பதினைந்து நிமிடமும்

போன கோடை விடுமுறைக்கு மகள் தன் இரண்டு பையன்களோடு வந்திருந்தாள். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலரை. அந்தச் சமயம் பார்த்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் ஒரு வீடியோவை அனுப்பி வைத்தார். ஒரு குழந்தை மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறது. தட்டில் மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற வெள்ளை மிட்டாய் ஒன்று. "இப்போதே சாப்பிடலாம். நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டு ஒரு அம்மா போய்விடுகிறார். வீடியோவுக்குக் கீழே, காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் வாழ்க்கையில் ஜெயித்தார்கள், காத்திருக்காதவர்கள் தோற்றார்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஓய்வு பெற்று ஒன்பது வருடமான ஆளுக்கு வேறென்ன வேலை? இரண்டு பேரன்களையும் தனித்தனியாக உள்ளறையில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்து, அதே வசனத்தைச் சொன்னேன். பெரியவன் கையைக் கட்டிக்கொண்டு பதினைந்து நிமிடமும் உட்கார்ந்திருந்தான். சின்னவன், நான் கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் 'கடக்' என்று கடித்த சத்தம் கேட்டது.

எனக்கு ஒரே சிரிப்பு. மனைவியிடம், "பெரியவன் கலெக்டர் ஆயிடுவான். சின்னவன் பாடு கொஞ்சம் கஷ்டம்தான்" என்றேன். அடுப்படியில் இருந்த மகள் காதில் அது விழுந்துவிட்டது. அவள் முகம் மாறியது. அன்று இரவு அவள் சொன்னதைப் பதிவின் கடைசியில் சொல்கிறேன். அது என் மனதைக் குடைந்ததால்தான், இந்த மிட்டாய் சோதனை எங்கே பிறந்தது, யார் செய்தார்கள், உண்மையில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று இரண்டு மாதம் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை எழுதுகிறேன்.

*

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவில், ஒரு குழந்தை சண்டைக்காரனாகவோ அழுமூஞ்சியாகவோ இருந்தால் பழி நேராகத் தாய் மேல் விழும். ஜான் வாட்சன் என்ற உளவியலாளர் 1928ல் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குழந்தையைக் கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள், காலையில் வேண்டுமானால் கை குலுக்குங்கள் என்பது அவர் கொடுத்த யோசனை. பழக்கப்படுத்தும் விதத்தில் பழக்கினால் எந்தக் குழந்தையையும் எப்படியும் ஆக்கலாம் என்று அவர் நம்பினார். இன்னொரு பக்கம் ஃபிராய்டின் வழி வந்தவர்கள். அவர்களும் குழந்தையின் கோளாறுக்குக் காரணத்தைப் பெற்றோரின் மனதில் தேடினார்கள். இரண்டு கட்சியும் ஒத்துப்போன இடம், குழந்தை வெறும் களிமண், பிசைந்த கை சரியில்லை என்பதுதான்.

இதைக் கேள்வி கேட்டவர்கள் ஒரு கணவன் மனைவி. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ். இருவரும் நியூயார்க்கில் மனநல மருத்துவர்கள். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே வளர்ப்பு, ஆனாலும் ஒரு பிள்ளை பிறந்ததிலிருந்தே அமைதி, அடுத்தது பிறந்ததிலிருந்தே ஆர்ப்பாட்டம். இது ஏன்? 1956ல் அவர்கள் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கி, 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து கவனித்தார்கள்.

குழந்தையின் சுபாவத்தை அவர்கள் ஒன்பது கூறுகளாகப் பிரித்தார்கள். எவ்வளவு துறுதுறுப்பு, பசியும் தூக்கமும் நேரப்படி வருகிறதா, புதியதைக் கண்டால் நெருங்குகிறதா ஒதுங்குகிறதா, மாற்றத்துக்கு எவ்வளவு சீக்கிரம் பழகுகிறது, சிறு சத்தத்துக்கே திடுக்கிடுகிறதா, சிரிப்பானாலும் அழுகையானாலும் எவ்வளவு வேகம், பொதுவாக என்ன மனநிலை, எவ்வளவு எளிதில் கவனம் சிதறுகிறது, எடுத்த காரியத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது. கடைசி இரண்டைக் கவனியுங்கள். இரண்டுமே கவனம் பற்றியவை. குழந்தையின் சுபாவம் என்று சொன்ன உடனேயே கவனமும் அதற்குள் வந்துவிட்டது.

நூறில் ஏறக்குறைய நாற்பது குழந்தைகள் எளிதான சுபாவம். பத்து பேர் கடினமான சுபாவம். பதினைந்து பேர் மெல்ல மெல்லத்தான் ஒட்டுவார்கள். மீதி முப்பத்தைந்து பேர் எந்தப் பெட்டியிலும் அடங்காதவர்கள். கடினமான குழந்தைகளில் பலருக்குப் பின்னால் தொந்தரவுகள் வந்தன. ஆனால் எல்லாருக்கும் வரவில்லை. வந்ததற்கும் வராததற்கும் வித்தியாசம் என்ன என்று பார்த்தபோதுதான் தாமஸ் தம்பதிக்கு முக்கியமான விஷயம் கிடைத்தது. குழந்தையின் சுபாவமும் வீட்டின் எதிர்பார்ப்பும் பொருந்துகிறதா என்பதே அது. சட்டைக்கும் உடம்புக்கும் உள்ள பொருத்தம் மாதிரி.

அவர்கள் நியூயார்க்கில் வாழ்ந்த போர்ட்டோ ரிக்கோ தொழிலாளர் குடும்பங்களையும் ஆராய்ந்தார்கள். வசதியான குடும்பங்களில் 'குழந்தை நேரத்துக்குத் தூங்குவதில்லை' என்பது பெரிய புகார். போர்ட்டோ ரிக்கோ வீடுகளில் அப்படி ஒரு புகாரே இல்லை. குழந்தை தூக்கம் வந்தபோது தூங்கியது. பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் அது பிரச்சினை ஆனது. அதே வீடுகளில், துறுதுறுவென்று ஓடும் குழந்தை பெரிய தலைவலி, ஏனென்றால் குடியிருப்பு மிகச் சிறியது, வெளியே தெருவும் பத்திரமில்லை. சுபாவம் ஒன்றுதான். எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அது குறையாகவும் ஆகிறது, ஒன்றுமில்லாததாகவும் ஆகிறது.

பிறகு கென்யாவின் மாசாய் மக்களிடையே மார்ட்டன் டி ஃபிரீஸ் என்பவர் ஒரு சிறிய ஆய்வு செய்தார். கொடிய பஞ்ச காலம். எளிதான குழந்தைகள், கடினமான குழந்தைகள் என்று முன்பே குறித்து வைத்திருந்தவர்களைச் சில மாதம் கழித்துத் தேடிப் போனபோது, அழுது முரண்டு பிடித்த குழந்தைகளே அதிகம் உயிரோடு இருந்தார்களாம். எண்ணிக்கை ரொம்பக் குறைவு, அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனாலும் அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம் ஊரில் சொல்வது நினைவுக்கு வந்தது.

*

இப்போது மிட்டாய்க்கு வருவோம்.

வால்டர் மிஷல் 1930ல் வியன்னாவில் பிறந்தவர். 1938ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தபோது அவருக்கு எட்டு வயது. யூதக் குடும்பம். தப்பித்து அமெரிக்கா போய் நியூயார்க்கின் புரூக்ளினில் குடியேறினார்கள். படித்து உளவியலாளர் ஆனார்.

பலரும் நினைப்பது போல அவருடைய சோதனை கலிபோர்னியாவில் தொடங்கவில்லை. 1950களில் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள டிரினிடாடின் தென்கோடிக் கிராமம் ஒன்றில் தொடங்கியது. அங்கே ஒரு பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியினர், மறுபக்கம் இந்திய வம்சாவளியினர். 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகத்திலிருந்து போனவர்கள், ஒரு பகுதியினர் சென்னையிலிருந்தும் போனார்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'அவர்கள் கையில் காசு வந்தால் அன்றைக்கே கொண்டாடித் தீர்த்துவிடுவார்கள்' என்று இவர்கள். 'இவர்கள் வாழத் தெரியாதவர்கள், காசை மெத்தைக்கடியில் வைத்துப் பூட்டுகிறவர்கள்' என்று அவர்கள்.

மிஷல் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். பள்ளிப் பிள்ளைகளிடம், இப்போதே ஒரு சின்ன மிட்டாய் வேண்டுமா, ஒரு வாரம் கழித்துப் பெரிய மிட்டாய் வேண்டுமா என்று கேட்டார். இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் காத்திருப்பதை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். கதை அங்கே முடிந்திருந்தால் 'நம்மாட்கள்தான் பொறுமைசாலிகள்' என்று நாம் மார்தட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் மிஷல் இன்னொன்றையும் பார்த்தார். வீட்டில் அப்பா இருக்கும் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அப்பா இல்லாத பிள்ளைகள் கிடைத்ததை வாங்கிக்கொண்டார்கள். அப்பா இல்லாத வீடுகள் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடையே அதிகம். ஆண் பிள்ளை ஒருவர் 'தருகிறேன்' என்று சொல்லித் தந்த அனுபவம் இல்லாத குழந்தை, எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரர் அடுத்த வாரம் வருவார் என்று எப்படி நம்பும்? 1958ல் வெளியான முதல் கட்டுரையிலேயே இந்த நம்பிக்கை விவகாரம் இருந்தது. பிறகு உலகம் அதை மறந்துவிட்டது.

*

1962ல் மிஷல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த வளாகத்திலேயே 1966ல் பிங் மழலையர் பள்ளி திறக்கப்பட்டது. அவருடைய மூன்று பெண்களும் அங்கே படித்தார்கள். 'ஆச்சரிய அறை' என்று குழந்தைகள் அழைத்த ஒரு சின்ன அறையில் சோதனை நடந்தது. எப்போதும் மார்ஷ்மெல்லோதான் என்றில்லை. விலங்கு உருவ பிஸ்கட், உப்புத் தூவிய முறுக்கு மாதிரி ஒரு பண்டம் என்று குழந்தைக்கு எது பிடிக்குமோ அது. மேஜை மேல் ஒரு மணி. பொறுக்க முடியாவிட்டால் மணியை அடிக்கலாம், அக்கா உடனே வந்துவிடுவார். ஆனால் சின்னதுதான் கிடைக்கும். ஆரம்பிக்கும் முன்பே மணியடித்தால் அக்கா வருகிறார் என்று குழந்தைக்குச் செய்து காட்டிவிடுவார்கள். சொன்ன சொல் தவறாது என்று காட்டிய பிறகே சோதனை. வாட்ஸ்அப் வீடியோவில் இந்தப் பகுதி இல்லை.

1970ல் மிஷலும் எபே எபெசனும் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மொத்தம் 32 குழந்தைகள். பலகாரம் கண் முன்னால் இருந்தால் அதைப் பார்த்துப் பார்த்து ஆசையோடு காத்திருப்பார்கள் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நடந்தது தலைகீழ். இரண்டு பலகாரமும் கண்ணில் படும்படி இருந்தபோது சராசரியாக ஒரு நிமிடம்தான் தாக்குப்பிடித்தார்கள். இரண்டையும் மூடி மறைத்துவிட்டபோது 11 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார்கள்!

அதே வயது, அதே பள்ளிக்கூடம், அதே மாதிரிக் குழந்தைகள். கண் எங்கே போகிறது என்பது மட்டும் மாறியது. ஒரு நிமிடம் பதினொரு நிமிடம் ஆனது.

அடுத்தடுத்த ஆய்வுகளில் இன்னும் நுட்பமாகப் போனார்கள். சந்தோஷமான வேறு விஷயங்களை நினைத்துக்கொண்டிரு என்று சொன்னால், பலகாரம் எதிரே இருந்தும் குழந்தைகள் நெடுநேரம் காத்திருந்தார்கள். பலகாரத்தையே நினைத்துக்கொண்டிரு என்றால், மூடி வைத்திருந்தும் சீக்கிரம் மணியடித்தார்கள். மார்ஷ்மெல்லோவை உருண்டை மேகமாக நினைத்துக்கொள் என்றால் நேரம் கூடியது. எவ்வளவு மெத்தென்று இனிக்கும் என்று நினை என்றால் குறைந்தது. மனதுக்குள்ளேயே அதைச் சுற்றிச் சட்டம் போட்டு, இது வெறும் படம் என்று பாவிக்கச் சொன்னபோது ரொம்ப நேரம் பொறுத்தார்கள். படத்தை யாராவது தின்பார்களா?

யாரும் சொல்லாமலே இதைக் கண்டுபிடித்த குழந்தைகளும் இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள், முதுகைத் திருப்பிக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், கால்விரலை வைத்து விளையாடினார்கள், தூங்கப் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பலகாரத்தை முறைத்தவர்கள்தான் தோற்றார்கள். நாம் மன உறுதி என்று பெரிய பெயர் வைத்திருப்பதில் பெரும்பங்கு, கண்ணையும் நினைப்பையும் வேறு பக்கம் திருப்பும் கைப்பழக்கம்தான் என்று தெரிந்தது. கைப்பழக்கம் என்றால் சொல்லிக்கொடுக்கலாம். மிஷல் கடைசிவரை வற்புறுத்தியதும் இதையே.

*

பிறகு எப்படி இது ஜாதகம் பார்க்கும் சோதனை ஆனது?

மிஷல் தன் பெண்களிடம் அவ்வப்போது பழைய பள்ளித் தோழர்களைப் பற்றி விசாரிப்பாராம். யார் எப்படிப் படிக்கிறார்கள் என்று. அப்போது காத்திருந்த நேரத்துக்கும் இப்போதைய நிலைக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாகத் தோன்றவே, பழைய குழந்தைகளைத் தேடிக் கடிதம் எழுதினார். 650க்கும் மேற்பட்டவர்களில் 185 பேரின் விவரத்தை வைத்து 1990ல் ஒரு கட்டுரை வந்தது. அதிக நேரம் காத்திருந்தவர்கள் கல்லூரி நுழைவுத் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். ஆனால் இந்தத் தொடர்பு, பலகாரம் கண்ணெதிரே இருந்து, எந்த உபாயமும் சொல்லித் தரப்படாத குழந்தைகளிடம் மட்டுமே தெளிவாகத் தெரிந்தது. அவர்களில் தேர்வு மதிப்பெண் கிடைத்தவர்கள் 35 பேர். எல்லாரும் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், மாணவர்கள் வீட்டுப் பிள்ளைகள். 1995ல் டேனியல் கோல்மேன் உணர்ச்சி நுண்ணறிவு பற்றிய தன் புகழ்பெற்ற புத்தகத்தில் இதை எழுதவும், உலகமெங்கும் பரவியது. 35 பேர் என்பது உதிர்ந்துவிட்டது. உபாயம் என்பதும் உதிர்ந்துவிட்டது. 'நாலு வயதில் தெரியும் நாற்பது வயது' என்பது மட்டும் நின்றது.

*

இதே காலத்தில் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் மேரி ராத்பார்ட் என்ற அம்மையார் சுபாவத்தையும் கவனத்தையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 1981ல் அவரும் டக்ளஸ் டெரிபெரியும் சுபாவத்துக்கு இரண்டு கால்கள் என்றார்கள். ஒன்று, எவ்வளவு வேகமாகக் கிளர்ந்தெழுகிறது என்பது. மற்றது, கிளர்ந்ததைத் தானே எப்படி அடக்கிக்கொள்கிறது என்பது. வண்டிக்கு எஞ்சினும் பிரேக்கும் மாதிரி. எஞ்சின் பிறக்கும்போதே ஓட ஆரம்பித்துவிடும். பிரேக் பிறகுதான் மெல்ல மெல்ல வளரும்.

அந்தப் பிரேக் எது? அங்கேயே இருந்த மைக்கேல் போஸ்னர் கவனத்தை ஆராய்ந்தவர். கவனம் என்பது ஒரே பொருள் அல்ல, விழிப்பாக இருப்பது, ஒரு பக்கம் திரும்புவது, முரண்பட்ட இரண்டு உந்துதல்களில் ஒன்றை அடக்கி மற்றதைச் செய்வது என்று மூன்று வலைப்பின்னல்கள் என்றார். மூன்றாவதுதான் பிரேக். மூன்று வயதிலிருந்து ஏழு வயதுக்குள் இது வேகமாக வளர்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். அமெரிக்காவில் 1994ல் வெளியான ஒரு ஆய்வில் வந்த விளையாட்டு இது. சூரியன் படத்தைக் காட்டினால் 'ராத்திரி' என்று சொல்ல வேண்டும். நிலா படத்தைக் காட்டினால் 'பகல்' என்று சொல்ல வேண்டும். மூன்றரை, நாலு வயதுக் குழந்தை திணறும். ஆறு ஏழு வயதுக் குழந்தை சிரித்துக்கொண்டே சொல்லும். என் இரண்டு பேரன்களின் வயதையும் இப்போது நினைத்துப் பாருங்கள். ஏழு வயதையும் நாலரை வயதையும் ஒரே தராசில் நிறுத்தி, ஒருவனை ஜெயிக்க வைத்து ஒருவனைத் தோற்க வைத்த பெரிய மனிதன் நான்!

போஸ்னரும் ராத்பார்ட்டும் சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வு 1997ல் வந்தது. மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைகள் சிணுங்கும்போது ஒரு பொருளைக் காட்டினால் அழுகை நின்றது. பொருளை எடுத்ததும், ஏறக்குறைய விட்ட இடத்திலிருந்தே அழுகை தொடர்ந்தது. நம் வீடுகளில் அழும் குழந்தையை இடுப்பில் தூக்கி 'அதோ பார் காக்கா' என்கிறோமே, அதேதான். அப்போது குழந்தையின் கவனத்தை நாம் திருப்பிவிடுகிறோம். நாலைந்து வருடத்தில் அது தானே திருப்பக் கற்றுக்கொள்கிறது. ஆச்சரிய அறையில் முதுகைத் திருப்பிக்கொண்ட குழந்தை, தனக்குத் தானே காக்கா காட்டிக்கொண்டது என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

அயோவா பல்கலைக்கழகத்தில் கிராசினா கோச்சன்ஸ்கா இன்னொன்றைக் கண்டார். அவருடைய சோதனைகளில் ஒன்று, மிட்டாயை நாக்கின் மேல் வைத்துக்கொண்டு கடிக்காமல் விழுங்காமல் இருப்பது. பயந்த சுபாவமுள்ள குழந்தைக்கு மென்மையாக எடுத்துச் சொன்னாலே போதும், மனதில் பதிகிறது, அதட்டினால் கெட்டுப்போகிறது. பயமே இல்லாத குழந்தையிடம் மென்மையும் எடுபடாது, அதட்டலும் எடுபடாது. பெற்றோரோடு உள்ள பாசமும் ஒட்டுதலும்தான் அதைக் கட்டுப்படுத்துகிறது. ஒரே மருந்து எல்லாருக்கும் ஆகாது.

*

அப்படியானால் சிறு வயதில் சுயக்கட்டுப்பாடு முக்கியமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973ல் பிறந்த 1037 குழந்தைகளை இன்றுவரை தொடர்கிறார்கள். மூன்று வயது முதல் பதினொரு வயது வரை ஆசிரியர், பெற்றோர், ஆய்வாளர் என்று பலர் பலமுறை மதிப்பிட்ட சுயக்கட்டுப்பாட்டுக்கும், 32 வயதில் அவர்களுடைய உடல்நலம், பணநிலை, குற்றப் பதிவு ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதை 2011ல் டெரி மோஃபிட் குழுவினர் காட்டினார்கள். ஆனால் அது ஒரு மிட்டாய், ஒரு மத்தியானம் அல்ல. எட்டு வருட மதிப்பீடு. வளரும்போது சுயக்கட்டுப்பாடு மேம்பட்ட பிள்ளைகள், பிற்காலத்தில் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தார்கள் என்றும் அவர்களே எழுதினார்கள்.

மிட்டாய் சோதனையை மட்டும் தனியாகப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் டைலர் வாட்ஸ் குழுவினர். 2018ல் வெளியானது. 900க்கும் மேற்பட்ட குழந்தைகள், பல தரப்பட்ட குடும்பங்கள். நாலரை வயதில் காத்திருந்ததற்கும் பதினைந்து வயதில் படிப்புக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் பழைய ஆய்வில் கண்டதில் பாதிதான். குடும்ப வசதி, வீட்டுச் சூழல், சிறு வயதுத் திறன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது. அதே வருடம் செப்டம்பரில் மிஷல் காலமானார். பிங் பள்ளிக் குழந்தைகளையே நாற்பது வயது தாண்டிய பிறகு பார்த்த ஆய்வு 2020ல் வந்தது. மிட்டாய்க்குக் காத்திருந்த நேரத்தை மட்டும் வைத்து அவர்களுடைய சொத்து, சம்பாத்தியம் எதையும் சொல்ல முடியவில்லை.

ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. கேமரூன் நாட்டு ந்சோ விவசாயக் குடும்பத்து நாலு வயதுக் குழந்தைகளையும் ஜெர்மனியின் நகரத்துக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வில், ந்சோ குழந்தைகளில் 70 சதவீதம் பேர் காத்திருந்தார்கள். ஜெர்மன் குழந்தைகளில் 30 சதவீதம்கூட இல்லை.

கடைசியாக ஒன்று. என்னைத் தலைகுனிய வைத்தது இதுதான். 2013ல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற இளம் ஆய்வாளர் 28 குழந்தைகளை வைத்துச் செய்தது. வீடற்றோர் தங்கும் விடுதியில் அவர் முன்பு வேலை செய்தவர். அங்குள்ள குழந்தைகள் இந்தச் சோதனையில் என்ன செய்வார்கள் என்ற யோசனையிலிருந்து வந்த ஆய்வு இது. மிட்டாய்க்கு முன்னால், நல்ல கலர் பென்சில்கள் கொண்டுவருகிறேன், காத்திரு என்று குழந்தையிடம் சொல்வார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மீதிப் பேரிடம், மன்னித்துக்கொள், இல்லை என்று கைவிரித்தார்கள். அதன் பிறகு மார்ஷ்மெல்லோ. சொல் காப்பாற்றப்பட்ட 14 பேரில் 9 பேர் பதினைந்து நிமிடமும் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட 14 பேரில் ஒரே ஒரு குழந்தை. சராசரி நேரம் 12 நிமிடம், 3 நிமிடம்.

நான் 36 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். இன்று செலவழிக்காதீர்கள், ஐந்து வருடம் கழித்து அதிகமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களை வைப்பு நிதி போட வைத்தவன். வங்கி திருப்பித் தராது என்று சந்தேகம் வந்துவிட்டால் எவ்வளவு பொறுமைசாலியும் மறுநாள் காலையில் கவுண்டர் முன்னால் வரிசையில் நிற்பார். அவரை யாரும் சுயக்கட்டுப்பாடு இல்லாதவர் என்று சொல்வதில்லை, புத்திசாலி என்போம். நாலரை வயதுக்காரனுக்கு மட்டும் வேறு சட்டமா?

*

இப்போது மகள் சொன்னது. அன்று இரவு மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கமாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"வந்த அன்னைக்கே சின்னவன்கிட்ட ரயில் பார்க்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க. வெயிலா இருக்கு, நாளைக்குன்னீங்க. அப்புறம் முட்டி வலின்னீங்க. அவன் தினம் செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்துட்டு உள்ளே வரான். நீங்க இன்னொரு மிட்டாய் தரேன்னு சொன்னா அவன் எப்படிப்பா நம்புவான்?"

எனக்குப் பதில் இல்லை. செலஸ்ட் கிட் பெயர் அவளுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

இன்னொன்றும் சொன்னாள். "சின்ன வயசுல என்னையும் 'இவளுக்குப் பொறுமையே கிடையாது'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க. நான் அதை ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, சின்னவனோடு ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பார டிக்கெட் எடுத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். ரயில் நாற்பது நிமிடம் தாமதம். அவன் ஒன்றும் சிலையாக உட்கார்ந்திருக்கவில்லை. இருபது தடவை "வந்துடுச்சா தாத்தா?" என்று கேட்டான். தூணைச் சுற்றினான். எதிரே நின்ற சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணினான், பதினான்குக்குப் பிறகு எண் குழம்பி மறுபடி முதலிலிருந்து எண்ணினான். ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நாற்பது நிமிடமும் காத்திருந்தான். எஞ்சின் வந்து நின்றபோது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். பேரப் பிள்ளைகளிடம் விளையாடிப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அதை வைத்து முத்திரை குத்தாதீர்கள். சோதனை செய்வதற்கு முன்னால், போன வாரம் அந்தக் குழந்தைக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பீர்கள். ஊருக்குக் கிளம்பும் அன்று ரயிலடியில் கேட்டேன். "விடுங்கப்பா" என்றாள். அதில் பாதி மன்னிப்பு இருந்தது என்று நினைக்கிறேன். மீதிக்குக் காத்திருக்கிறேன்.